வீடு வாங்கிக் கைமாற்றி விற்கும் பிள்ளைகளுக்கு



போன மாதம் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீ குடிக்க நின்றேன். என்னிடம் படித்த மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கும்பிட்டார்கள். ஒருத்தன் மில்லில் சூப்பர்வைசர், ஒருத்தன் பேண்டேஜ் துணி வியாபாரம், ஒருத்தன் மொபைல் கடை. மூன்று பேரும் "சைடுல வீடு, மனை பார்க்கிறேன் சார்" என்றார்கள். திருமங்கலம் நான்குவழிச் சாலைப் பேச்சு வந்ததிலிருந்து நம் ஊரில் எல்லோருமே பாதி புரோக்கர்தான். அது தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு வாத்தியார் என்ற முறையில் சில விஷயம் சொல்லியாக வேண்டும். நானே இதில் சூடுபட்டவன்.

முதலில் கணக்கு. ஒரு பழைய வீட்டை 20 லட்சத்துக்கு வாங்கி, சரிசெய்து 27 லட்சத்துக்கு விற்கிறீர்கள். லாபம் 7 லட்சம் என்றுதானே நினைப்பீர்கள்? முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,80,000. (வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் கட்ட வேண்டும்.) ஒயரிங், குழாய், தளம், பெயின்ட் என்று 3 லட்சம். வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரு சதவீதம் கமிஷன், 47,000. வெளியில் வாங்கிய 10 லட்சத்துக்கு ஒன்றரை வட்டி, எட்டு மாதத்துக்கு 1,20,000. கூட்டிப் பாருங்கள், 6,47,000. கையில் நிற்பது 53,000. எட்டு மாதம் பத்து மாதமானால் அதிலும் 30,000 போய்விடும். இரண்டு வருடத்துக்குள் விற்றால் வரும் லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும், அது தனி. ஆகவே விற்கும்போது லாபம் வரும் என்று இருக்காதீர்கள். வாங்குகிற விலையிலேயே லாபம் இருக்க வேண்டும்.

இந்தச் செலவைப் பார்த்துத்தான் பலபேர் கிரயமே பண்ணாமல், அக்ரிமென்ட் மட்டும் போட்டுக் கைமாற்றி விடுகிறார்கள். ஒரு லட்சம் அட்வான்ஸ், மூன்று மாதக் கெடு. அதற்குள் வேறு ஆளைப் பிடித்து, கூடுதல் விலைக்கு உரிமையாளரையே நேராக எழுதிக் கொடுக்க வைப்பது. இப்படித்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் என் மாணவன் ஒருவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதியை ஒட்டி ஒரு வீட்டைப் பார்த்தான். "சார், நாலு லட்சம் குடுங்க, மூணு மாசத்துல அஞ்சாத் தர்றேன்" என்றான். ரிட்டயர்மென்ட் பணம் பேங்கில் சும்மாதானே கிடக்கிறது என்று நானும் கொடுத்தேன். ரொக்கமாகக் கொடுத்தேன். பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினான், பதிவு பண்ணவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் பரீட்சையில் செய்கிற தப்பையெல்லாம் நான் அறுபது வயதுக்கு மேல் செய்தேன்.

வீடு காலமான ஒருவருடையது. உயில் கிடையாது. மூன்று மகன்களும் கையெழுத்துப் போட்டார்கள். சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்த மகளை யாரும் கேட்கவில்லை. அவள் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டாள். வீடு பூட்டியது பூட்டியபடி நிற்கிறது.

ஒருநாள் அந்தப் பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளும் என்னிடம் படித்தவள்தான். "சார், நாலு பிள்ளைக்குப் பங்கு போட்டா ஆளுக்குக் கால் பங்குன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நீங்களுமா இதுல?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. காபி கொடுத்தோம், குடிக்காமல் போனாள்.

மாணவனைக் குறை சொல்ல மாட்டேன். மாதாமாதம் கொடுத்து இரண்டரை லட்சம் அடைத்துவிட்டான். இதையும் அவன் படிப்பான். ஏமாற்ற நினைத்தவனில்லை, அவசரப்பட்டான். ஆசைப்பட்டது நான்.

ஆகவே இந்தத் தொழில் செய்கிறவர்கள் கீழே சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. வில்லங்கம் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பதிவான பத்திரம்தான் அதில் வரும். பதியாத உயிலும் கையெழுத்துப் போடாத வாரிசும் அதில் வராது. வாரிசுச் சான்றிதழைக் கையில் வாங்கி, அதில் உள்ள ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்தில், உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 1956 முதலே மகளுக்கும் சம பங்கு. தாயார் இருந்தால் அவருக்கும் பங்கு. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கு உரிமை உண்டு. "சீர் செஞ்சாச்சு" என்ற பேச்சு கோர்ட்டில் நிற்காது.

இரண்டு. அக்ரிமென்ட்டைப் பதிவு பண்ணுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்தால் வில்லங்கத்தில் ஏறும். பதியாவிட்டால் அதே வீட்டுக்கு இன்னும் இரண்டு பேரிடம் அட்வான்ஸ் வாங்கினாலும் உங்களுக்குத் தெரியாது.

மூன்று. ரொக்கம் வேண்டாம். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். பேங்க் வழியாகவே கொடுங்கள்.

நான்கு. பவர் பத்திரத்தை நம்பிக் காசைக் கட்டாதீர்கள். பவர் மட்டும் வாங்கினால் சொத்து உங்களுடையது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. கொடுத்தவர் இறந்துபோனால் பொதுவாகப் பவரும் அதோடு முடிந்தது.

ஐந்து. விற்கிறவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "நான் குடியிருக்க வாங்கவில்லை, வேறு ஆளுக்கு விற்றுவிடுவேன், இவ்வளவு எதிர்பார்க்கிறேன்" என்று சொல்லி, "நான் அல்லது நான் காட்டும் நபர் பெயருக்கு" என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தனியாக இருக்கும் வயதான அம்மாவிடம் மார்க்கெட் விலையை மறைத்துப் பாதி விலைக்கு எழுதி வாங்குவதைத் திறமை என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். பூட்டிக்கிடக்கும் வீட்டைச் சரிசெய்து, பட்டாவை நேராக்கி, குடும்பத்தைச் சமாதானம் பண்ணி விற்றுக்கொடுத்தால், அந்த உழைப்புக்குக் கூலியாக லாபம் தாராளமாக வாங்கலாம்.

ஆறு. அடுத்தவருடைய ஓய்வுக்காலப் பணத்தை, மகள் கல்யாணப் பணத்தை இதில் போடச் சொல்லாதீர்கள். மூன்று மாதக் கெடு என்பது வாய்வார்த்தை. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். அந்த வளாகத்தில் ஒருநாள் காலையில் போய் நின்று பாருங்கள். அண்ணன் ஒரு மரத்தடியில், தங்கை ஒரு மரத்தடியில், நடுவில் வாய்தா.

அந்தப் பெண்ணின் பங்குக்கு ஒரு தொகை பேசி முடிக்க அண்ணன்மார்கள் இப்போது இறங்கி வந்திருக்கிறார்கள். பேச்சுவார்த்தைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என் பாக்கி ஒன்றரை லட்சம் வருகிறதோ இல்லையோ, அவள் கால் பங்கு குறையாமல் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை காபி குடித்துவிட்டுத்தான் போனாள்.

அக்ரிமென்ட் போடும் முன் சந்தேகம் இருந்தால் முதலில் நல்ல வக்கீலைப் பாருங்கள். கணக்கு மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், சாயங்காலம் வாசலில்தான் இருப்பேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் கணக்கு சார்