பளபளக்கும் திரையா? கண் கூசாத திரையா?

பல்கலைக்கழகத்தில் காலடி எடுத்து வைக்கும் மாணவர் பலரும் முதலில் வாங்க நினைக்கும் பொருள் மடிக்கணினிதான். பி.டி.பி.டி.என். கல்விக் கடனின் முதல் தவணை கைக்கு வந்ததும் லோ யாட் பிளாசாவுக்குப் படையெடுக்கிறோம். செயலி என்ன, நினைவகம் எவ்வளவு, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால், மூன்று நான்கு ஆண்டுகள் நாள்தோறும் நம் கண்ணெதிரே நிற்கப்போகும் திரையைப் பற்றி மட்டும் நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. தமிழில் படித்துத் தமிழில் எழுதும் மாணவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்பது என் கருத்து.

கடைக்காரர்கள் ‘கிளாசி’, ‘ஆன்டி-கிளேர்’ என இருவகைத் திரைகளைச் சொல்வார்கள். முன்னது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் வழவழப்பானது. அதில் நிறங்கள் அடர்த்தியாகவும் கறுப்பு நல்ல கறுப்பாகவும் தெரியும். பின்னதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. எதிரேயுள்ள விளக்கின் ஒளி அவற்றில் பட்டுச் சிதறிவிடுவதால் விளக்கின் உருவம் திரையில் தெளிவாக விழாது. அதற்கு விலையாகப் படம் சற்று வெளிறித் தோன்றும்.

தெளிவுத்திறன் என்பது இதிலிருந்து வேறான சங்கதி. ஒரு திரையில் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதே அது. ஆயினும் சந்தையில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன. தெளிவுத்திறன் மிகுந்த, விலையுயர்ந்த திரைகள் பல பளபளப்பாகவே வருகின்றன. இதற்குக் காரணமும் உண்டு. படப்புள்ளிகள் சிறுத்துக்கொண்டே போகும்போது, மேற்பரப்பின் நுண்மேடுகள் அவற்றின் ஒளியையே கலைத்து, பொடிமணல் தூவியது போன்ற மினுமினுப்பை உண்டாக்கிவிடும். ஆப்பிள் நிறுவனம் 2012இல் 2880×1800 படப்புள்ளிகளோடு வெளியிட்ட ரெட்டினா மேக்புக் புரோ, பளபளப்புத் திரையில் மட்டுமே கிடைத்தது. கண் கூசாத திரை மேக்புக் புரோவுக்கு மீண்டும் வந்தது 2024இல்தான். அதுவும் கூடுதல் விலைக்கு. ஆகவே, குறைந்த பணத்தோடு போகும் மாணவர் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை அடிக்கடி ஏற்படுகிறது. எதை விடுவது?

இங்கேதான் நம் மொழி குறுக்கே வந்து நிற்கிறது. ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்குத் தெளிவுத்திறன் ஒரு வசதி. தமிழ் படிப்பவருக்கோ அது தேவை. ‘மனம்’ என்பதையும் ‘மணம்’ என்பதையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. ‘பல’ என்பதையும் ‘பல்’ என்பதையும் பிரிப்பது தலைமேல் நிற்கும் சிறு புள்ளி. 15.6 அங்குலத் திரையில் 1366×768 படப்புள்ளிகள் என்றால், அங்குலத்திற்கு ஏறக்குறைய 100 புள்ளிகளே கிடைக்கும். மூன்று மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தை வரைய மேலிருந்து கீழாக 12 புள்ளிகள்தாம் மிஞ்சும். மூன்று சுழி ‘ண’கரம் அதற்குள் மூச்சுத் திணறுகிறது. 14 அங்குலத் திரையில் 1920×1080 இருந்தால் அங்குலத்திற்கு 157 புள்ளிகள். அதே எழுத்துக்கு 18 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். சுழி சுழியாகத் தெரியும். புள்ளி புள்ளியாக நிற்கும்.

நான் பயன்படுத்துவது என் அண்ணன் தந்த பழைய மடிக்கணினி. கண் கூசாது, ஆனால் முன்சொன்ன 1366×768 திரை. என் அறைத்தோழியுடையது பளபளப்பும் தெளிவும் மிக்க புதிய திரை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் அவள் திரைக்கு ஈடில்லை. 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற பழைய ஏடுகளின் வருடப்பட்ட பக்கங்களை அதில்தான் என்னால் படிக்க முடிகிறது. பகலில் கதை வேறு. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருவரும் தமிழ் கற்பிக்கும் டியூஷன் வகுப்பின் முகப்பு முழுதும் கண்ணாடி. அவள் மடிக்கணினியைத் திறந்தால், சுற்றி அமர்ந்த பிள்ளைகளுக்குப் பாடத்தைவிடத் தங்கள் முகங்களும் சாலையில் போகும் வண்டிகளும்தான் நன்றாகத் தெரிகின்றன. கிள்ளானுக்கு வீடு திரும்பும் கொமுட்டர் இரயிலில், சன்னலோர இருக்கையிலும் இதே தொல்லைதான்.

இது அவள் கணினியின் குறையன்று; ஒளியின் இயல்பு. பூச்சில்லாத கண்ணாடி, நேராகத் தன்மேல் படும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். நான்கு பங்குதானே என்று எண்ணிவிடக் கூடாது. சன்னலுக்கு வெளியே தெரியும் வானத்தின் ஒளிர்வு 5,000 நிட் என்று வைத்துக்கொண்டால், அதில் நான்கு பங்கு 200 நிட். மலிவான மடிக்கணினித் திரை தானாகத் தரும் ஒளியே 250 நிட் அளவில்தான் இருக்கும். எழுத்தும் வானமும் சரிக்குச் சரியாக மல்லுக்கட்டினால் தோற்பது நம் கண்தான். நம் நாட்டில் நாம் படிக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். பக்கச் சுவரே இல்லாத மாமாக் கடை, குழல்விளக்குகள் வரிசையாகத் தொங்கும் நூலகம், வெயில் கொட்டும் நடைகூடம்! திரை நமக்கு ஏற்றதா என்பதை இந்த இடங்கள்தாம் சொல்ல வேண்டும். விளக்கு வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்து அமைத்த கடை மேசை சொல்ல முடியாது.

அப்படியானால் என் முடிவு என்ன? 14 அங்குலத் திரைக்கு 1920×1080 என்ற அளவு வரை தெளிவுத்திறனை விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த அளவைத் தாண்டியபின் கண் கூசாமையை விட்டுக்கொடுக்காதீர்கள். இதற்கு ஒரு கணக்கு உண்டு. குறையற்ற பார்வையுள்ள கண், 55 செண்டிமீட்டர் தொலைவில் சுமார் 0.16 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்தறியும். நான் சொன்ன திரையின் ஒரு புள்ளி அளவும் ஏறக்குறைய அதுவே. அதற்கு மேல் புள்ளிகளைக் கூட்டினால் எழுத்து இன்னும் சற்று மெருகேறலாம். ஆனால் அந்த மெருகை அனுபவிக்க, சன்னலும் விளக்கும் நம் முகமும் திரையைவிட்டு விலகி நிற்க வேண்டும்.

‘எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் பழைய திரையே போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். ஒரு வரிக்குப் போதும். ஒரு முழுப் பக்கத்தைப் பார்த்துப் பிழை திருத்துபவருக்குப் போதாது. ‘பளபளப்புத் திரைமேல் கூசாத படலத்தை ஒட்டிக்கொள்ளலாமே?’ என்பது நியாயமான வாதம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு அதுவே நல்ல வழி. தெளிவு கொஞ்சம் குறைந்தாலும் கண் பிழைக்கும். குறைந்த தெளிவுள்ள திரைக்கோ எதை ஒட்டியும் புள்ளிகளைக் கூட்ட முடியாது. இரண்டும் சேர்ந்து கிடைக்காதவர்கள் இதை நினைவில் கொள்வது நலம். படத்தொகுப்பும் வரைகலையும் பயில்வோர் நிறத்திற்காகப் பளபளப்பைத் தேர்ந்தால் அதில் தவறில்லை. அவர்கள் தொழில் அப்படி.

‘ஒரு திரைக்கு இத்தனை ஆராய்ச்சியா?’ என நகைக்க வேண்டாம். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என் போன்றோருக்கு, தமிழ் வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கிப்போனது. மீதித் தமிழ் எங்களுக்குத் திரைவழியேதான் கிடைத்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள்தாம் எங்கள் வீட்டு நூலகம். தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்ற நம் மூத்தோர் பட்ட பாடு கொஞ்சமன்று. முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியது இந்த மண்ணில்தான். 2001இல் தமிழ் இணைய மாநாடு கூடியதும் இதே கோலாலம்பூரில்தான். அவர்கள் எழுத்தைத் திரைவரை கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். திரைக்கும் கண்ணுக்கும் இடையே எஞ்சியிருப்பது ஈரடித் தொலைவு. அதைக் கடப்பது நம் பொறுப்பு. படிக்கக் கண் வலித்தால் மாணவன் மொழியைக் குறை சொல்ல மாட்டான். சத்தமில்லாமல் வேறு மொழிக்கு மாறிவிடுவான்.

எனவே, நம் மொழிக் கழகம் புதிய மாணவர்களை வரவேற்கும் நாளில் ஒரு சிறு பணியைச் செய்யலாம். சிறிய எழுத்தில் ‘மனம், மணம், பல, பல்’ போன்ற சொற்கள் நிறைந்த ஒரு பக்கத்தை ஆயத்தப்படுத்தி, அனைவர்க்கும் கொடுக்கலாம். வாங்கும் முன் அதைக் கடைக் கணினியில் திறந்து பார்க்கட்டும். பிறகு திரையை அணைத்து, மேலேயுள்ள விளக்கின் உருவம் அதில் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்றும் பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை. ஈராயிரம், மூவாயிரம் வெள்ளிக் கடனைப் பட்டம் பெற்றபின் அடைக்கப்போவது நாம்தானே? கடன் வாங்கி வாங்கும் திரையில் நம் தமிழ் தெளிவாகத் தெரியட்டும்!