புல்வெளியின் வயது என்ன?

தில்லியின் பழைய கோட்டை ‘மீட்டெடுக்கப்பட்டதை’ வாழ்த்தும் பதிவுகள் சில நாள்களாகத் தொடர்ந்து கண்ணில் படுகின்றன. செப்பனிட்ட வாயில்கள், வெட்டிச் சீராக்கிய புல்வெளி, நீர் நிறைந்த அகழி என்று படங்கள் அழகாகவே உள்ளன. பதினாறாம் நூற்றாண்டு அப்படியே மீண்டு வந்துவிட்டது என்பது அவற்றின் சாரம். இதை மறுக்கவே இந்த நெடும் பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

முதலில், மீண்டு வந்ததாகச் சொல்லப்படுவது யாருடைய கோட்டை? ஹுமாயூன் 1533இல் இங்கே தீன்பனா என்னும் நகரத்தைத் தொடங்கினார். 1540இல் அவரை விரட்டிய ஷேர் ஷா இந்த இடத்தைத் தமதாக்கிக்கொண்டார். ஐந்து வளைவுகளுடன் செம்மணற்கல்லும் சலவைக்கல்லும் இழைந்து நிற்கும் கிலா-இ-குஹ்னா பள்ளிவாசல் 1541ஐச் சேர்ந்தது. ஷேர் மண்டல் என்னும் எண்கோண மாடம் ஷேர் ஷாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் நாடு திரும்பிய ஹுமாயூன் அதை நூலகமாகப் பயன்படுத்தினார் என்பதும், 1556இல் அதன் படிகளில் தவறி விழுந்தே உயிர்விட்டார் என்பதும் மரபு. ஹுமாயூன் வாயில் எனப்படும் தெற்கு வாயிலிலோ ஷேர் ஷாவின் பெயர் மையால் எழுதப்பட்டிருந்தது. ஆக, கட்டப்பட்ட தலைமுறையிலேயே இக்கோட்டை ஒருவருடையதாக இருந்ததில்லை. ஒருவர் தொடங்கியதில் மற்றவர் குடியேறுவதே இதன் இயல்பு.

அந்த இயல்பு முகலாயரோடு முடிந்துவிடவில்லை. 1913 வரை இம்மதில்களுக்குள் இந்தர்பத் என்றொரு கிராமம் இருந்தது. வீடுகளும் சந்துகளும் கோவிலும் கொண்ட உயிருள்ள ஊர் அது. 1911இல் தலைநகர் தில்லிக்கு மாறும் என அறிவிக்கப்பட்டது. புதிய நகரின் மைய வீதியைப் பழைய கோட்டையை நோக்கி அமைத்தார் லட்யன்ஸ். பேரரசின் நெடுவீதி சென்று முடியும் காட்சியில் மாட்டுத்தொழுவங்களுக்கு இடமிருக்குமா? ஊர் அப்புறப்படுத்தப்பட்டது. இன்று நாம் பழமையின் அமைதி என்று வியக்கும் அந்த வெறுமை, அவ்வெளியேற்றத்தால் உண்டானது. புல்வெளியின் வயது சற்றேறக்குறைய நூறு. ஹுமாயூனோ ஷேர் ஷாவோ அதைக் கண்டதில்லை.

இதில் ஒரு முரணைக் கவனியுங்கள். அதே வளாகத்தில் 1954-55இலும், பின்னர் 1969 முதல் 1973 வரையிலும் பி. பி. லால் அகழாய்வு செய்தார். அண்மை ஆண்டுகளிலும் குழிகள் வெட்டப்பட்டன. மௌரியர், சுங்கர், குஷாணர், குப்தர், சுல்தான்கள், முகலாயர் எனக் காலத்தின் அடுக்குகள் வெளிப்பட்டன. மகாபாரதத்தின் இந்திரப்பிரஸ்தம் இதுதானா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை. பானையோட்டுத் துண்டில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஊரைத் தேடுகிறோம். ஆனால் அந்த ஊரின் பெயரை நேற்றுவரை சுமந்துகொண்டிருந்த மக்கள் வாழ்ந்த அடுக்கை நாமே வழித்தெறிந்துவிட்டோம். மண்ணுக்கு அடியில் கிடந்தால் தொல்பொருள், மண்ணுக்கு மேல் நின்றால் ஆக்கிரமிப்பு! இது என்ன தொல்லியல் நியாயம்?

1947 செப்டம்பரில் உயிருக்கு அஞ்சிய தில்லி முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் இம்மதில்களுக்குள் தஞ்சம் புகுந்தனர். பாகிஸ்தான் செல்லும் ரயிலுக்காகத் திறந்தவெளியில் காத்துக் கிடந்தனர். அவர்கள் போனபின், மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த இந்து, சீக்கிய அகதிகள் அதே இடத்தில் குடியேறினர். எதிரெதிர்த் திசைகளில் துரத்தப்பட்ட இரு கூட்டத்துக்கும் ஒரே மதில் நிழல் தந்தது. கோட்டை என்றால் அரண். நானறிந்தவரை, இக்கோட்டை தன் பெயருக்குரிய கடமையை மிகுதியாகச் செய்தது அந்த ஆண்டுகளில்தான். அதன் சுவடு அந்தப் புல்வெளியில் எங்கே?

இது தில்லிக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரான்சின் கார்கசோன் கோட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியோலே-லெ-தூக் புதுப்பித்தபோது, தென்பகுதிக்குப் பழக்கமற்ற கூம்புக் கூரைகளைக் கோபுரங்களுக்குச் சூட்டினார் என்ற விமர்சனம் இன்றும் உண்டு. இரு மதில்களுக்கிடையே வாழ்ந்த ஏழைகளின் வீடுகளும் அப்போது இடிக்கப்பட்டன. உலகம் இன்று பார்த்து மகிழும் அந்த ‘இடைக்காலம்’ பெரிதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கற்பனை.

‘அப்படியானால் பள்ளிவாசல் இடிந்து விழட்டும் என்கிறீர்களா?’ என்று கேட்பீர்கள். இல்லை. விரிசலை அடைப்பதும், சாயும் சுவருக்கு முட்டுக்கொடுப்பதும், பழைய சுண்ணாம்புக் காரையைப் பழைய முறையிலேயே பூசுவதும் தேவை. அவற்றைச் செய்யும் கைகளை வணங்குகிறேன். குடியிருப்புகளால் சின்னங்கள் சேதமுறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழுதுபார்த்தல் வேறு, ஒரு காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவற்றைத் துடைத்தல் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இதை நான் எழுதுவது கோல் மார்க்கெட்டிலிருந்து. கோட்டைக்குள்ளிருந்த ஊரைக் காலிசெய்த அதே தலைநகரம், தன் குமாஸ்தாக் குடும்பங்கள் கறியும் மீனும் காய்கறியும் வாங்குவதற்காக 1921இல் எழுப்பிய சந்தை இது. இப்போது அந்தப் பன்னிருபக்கக் கட்டடமும் பாரம்பரியச் சின்னம். ஆகவே கடைகள் வெளியேற்றப்பட்டு, அருங்காட்சியகமாக்கும் திட்டத்தின்கீழ் சீரமைக்கப்படுகிறது. சந்தையைக் காப்பாற்ற வியாபாரத்தை அகற்றியாயிற்று. நூறாண்டுக்குப் பின் யாரேனும் இதன் தூய்மையை வியந்து பதிவிடுவார்கள்.

நான் கேட்பது பெரிதன்று. இந்தர்பத்தின் சந்துகள் ஓடிய தடத்தைப் புல்வெளியில் கல்பதித்துக் காட்டுங்கள். 1947இன் இரு முகாம்களையும் ஷேர் ஷாவுக்குத் தரும் அதே அளவு எழுத்தில் பொறியுங்கள். அதுவரை ‘மீட்டெடுத்தோம்’ என்னாதீர்கள். ‘காலிசெய்தோம்’ என்று நேர்மையாகச் சொல்லுங்கள்.