இலக்கு என்னும் சாட்டை

மின்விநியோக நிறுவனங்களில், காணொலி ஆய்வுக் கூட்டத்தில் இளநிலைப் பொறியாளர் பலர் முன்னிலையில் இழித்துரைக்கப்படுவதும், வசூல் குறைந்ததென்று உடனே பணியிடை நீக்கம் செய்யப்படுவதும் நிர்வாகத் திறமையெனப் பாராட்டப்படுகின்றன. இதனை ஓர் அதிகாரியின் முன்கோபமாகச் சுருக்கிவிடலாகாது. 2021-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விநியோகத் துறைச் சீரமைப்புத் திட்டம், இழப்பை 12 முதல் 15 சதவீதத்திற்குள் கொண்டுவருதல், 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துதல் ஆகிய இலக்குகளை வைத்து நிதியை நிபந்தனையோடு பிணைத்தது. அந்நிபந்தனை தலைமையகத்திலிருந்து கோட்டத்திற்கும், அங்கிருந்து துணைமின் நிலையத்திற்கும் இறங்குகையில் வசைச்சொல்லாகிறது. இறுதியில் அதைச் சுமப்பவர் கம்பத்தில் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளி; கையுறை கேட்பதற்கே அஞ்சுபவர்.

அந்த அச்சம் வீணானதன்று. 2023 மார்ச்சில் உத்தரப்பிரதேச மின் ஊழியர்கள் 72 மணிநேர வேலைநிறுத்தம் அறிவித்தபோது, எஸ்மா சட்டம் ஏவப்பட்டது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். முதலில் வெட்டப்படுபவர் யார் என்பதை யோகி அரசு ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது.

பிரான்ஸ் டெலிகாம் வழக்கு இங்கே கருதத்தக்கது. தனியார்மயமான அந்நிறுவனம் மூன்றாண்டுகளில் 22,000 பேரை வெளியேற்றத் திட்டமிட்டது. பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் என்பதால் வேலைநீக்கம் இயலாது. ஆகவே, தாமே விலகும் அளவுக்கு அவர்களது பணிவாழ்வு குலைக்கப்பட்டது. வழக்கில் ஆராயப்பட்ட 39 பேரில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2009-இல் தொழிற்சங்கம் புகார் அளித்தது. 2019-இல் தலைவர் டிடியே லொம்பார் தண்டிக்கப்பட்டார். நிறுவனத்தின் கொள்கையே துன்புறுத்தலாகலாம் என்பதை 2025 ஜனவரியில் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தது. நிறுவனத்திற்கு விதிக்கப்பட்ட அபராதமோ வெறும் 75,000 யூரோ!

இந்தியச் சட்டத்தில் அத்தகைய குற்றமே இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலோடு நின்றுவிடுகிறது. பணியிட வன்முறைக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கையை ஒன்றிய அரசு இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் நோய்ப் பட்டியலிலும், பணியிட அழுத்தத்தால் விளையும் மனநோய் எதற்கும் இடமில்லை.

உடன்படிக்கையை ஏற்கவும் பட்டியலைத் திருத்தவும் வலியுறுத்துவது அவசியம். ஆனால் புகாரைப் பதிவுசெய்ய அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வுக் கூட்டத்தில் இழித்துரைக்கப்பட்ட பொறியாளருக்காகச் சங்கம் எழுதும் கடிதத்தில், கையுறையின்றிக் கம்பம் ஏறிய ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரும் இடம்பெற வேண்டும். நாள், இடம், ஆணையிட்டவர் ஆகிய விவரங்களோடு.