மாதக் கணக்கும் மக்கள் கணக்கும்

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று மோட்டார் வாகனக் கம்பெனிகள் சென்ற மாத விற்பனைக் கணக்கை வெளியிடுகின்றன. இன்ன கம்பெனிக்கு ஏற்றம், இன்ன கம்பெனிக்கு இறக்கம் என்று மறுநாள் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. நாடு செழிக்கிறதா, நலிகிறதா என்பதற்கே இந்தக் கணக்கை உரைகல்லாகக் கொள்வோரும் உண்டு. பாலக்காடு, இடுக்கி எல்லையில் தோட்டத்திலும் ஆலையிலும் ஆபீசிலும் உழைத்துப் பிழைக்கும் தமிழ் மக்களுக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். ஆவது உண்டு. கோவையின் வார்ப்படப் பட்டறைகளில் ஷிப்டு குறைவதும், தவணையில் எடுத்த வண்டிக்கு மாதாமாதம் பணம் கட்டுவதும் இந்தக் கணக்கோடு பின்னிப் பிணைந்தவை.

முதலில் தெளிய வேண்டியது 'விற்பனை' என்ற சொல்லின் பொருள். பெரும்பாலான கம்பெனிகள் அறிவிப்பது நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த வண்டிகளின் எண்ணிக்கை அல்ல. தொழிற்சாலையிலிருந்து டீலருக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை. டீலரின் கிடங்கில் அது மூன்று மாதம் வெயிலில் காய்ந்தாலும் கம்பெனியின் ஏட்டில் விற்றது விற்றதுதான். குட்ஸ் ஷெட்டில் வாகனில் ஏற்றிய சரக்கை, சேருமிடத்தில் டெலிவரி ஆகிவிட்டதாக எந்த ரயில்வே குமாஸ்தாவும் எழுதமாட்டார். மோட்டார்த் தொழிலிலோ அதுவே வழக்கமாக இருந்து வருகிறது. போதாக்குறைக்கு, மாருதி கம்பெனியின் மொத்த எண்ணிக்கையில் வெளிநாட்டு ஏற்றுமதியும், டொயோட்டாவுக்குச் செய்து கொடுக்கும் கார்களும் அடங்கும். அறிக்கையில் இவற்றைப் பிரித்தே காட்டுகிறார்கள். ஆனால் செய்தித் தலைப்பில் பெரும்பாலும் மொத்தத் தொகையே நிற்கிறது.

மக்கள் உண்மையில் வாங்கியது எவ்வளவு என்பது ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவில்தான் தெரியும். 'வாகன்' பதிவேட்டைக் கொண்டு டீலர்களின் சம்மேளனம் அந்தக் கணக்கை மாதந்தோறும் தனியே வெளியிடுகிறது. இரண்டும் எப்போதும் ஒத்துப் போவதில்லை. 2024 செப்டம்பரில், 80 முதல் 85 நாள் விற்பனைக்குப் போதுமான கார்கள் தங்களிடம் தேங்கிக் கிடப்பதாக டீலர்கள் முறையிட்டார்கள். தேங்கிய சரக்குக்குப் பாங்கில் வட்டி ஓடுகிறது. அந்த வட்டியின் அவசரம் கடைசியில் வந்து விடிவது வாங்குவோர் தலையில்தான்.

விற்பனையை ஏற்றி இறக்கும் காரணங்களில் பண்டிகைக்குப் பெரும் பங்கு உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் ஆடி. இந்தப் பக்கம் கர்க்கடகம். பெயர்தான் வேறு, மாதம் ஒன்றே. புது வண்டி எடுக்க இரு பக்கத்தாரும் தயங்குவார்கள். சிங்ஙம் பிறந்து ஓணம் நெருங்கினால் கேரளத்தில் வியாபாரம் சூடு பிடிக்கும். அதற்கென முன்கூட்டியே டீலரிடம் சரக்கு இறங்கிவிடுவதால், வாங்குவார் இல்லாத மாதத்தில் விற்பனை கூடியதாகக் கணக்கு காட்டும் விந்தையும் நேர்வதுண்டு. அன்றியும் பண்டிகை ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை. திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29. 2024இல் செப்டம்பர் 15. தீபாவளி 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. நவம்பரை நவம்பரோடு ஒப்பிட்டு, விற்பனை சரிந்தது என்று அலறுவதில் பொருள் இல்லை.

அடுத்தது வரி. ஜி.எஸ்.டி. குறையும் என்று 2025 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3 அன்று கவுன்சில் முடிவு செய்தது. அமலுக்கு வந்ததோ செப்டம்பர் 22. இடையில் செப்டம்பர் 5 அன்று திருவோணம். சில நாள் பொறுத்தால் விலை குறையும் என்று தெரிந்த பின், ஓணத்துக்கு யார் வண்டி எடுப்பார்கள்? 350 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிகளுக்கு வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆயிற்று. வரிக்கு முன் 60,000 ரூபாய் விலையுள்ள மொபெட்டுக்கு இதனால் 6,000 ரூபாய் மிச்சம். தோட்டத் தொழிலாளிக்கு அது சிறு தொகை அல்ல.

வாங்க ஆள் இருந்தும் வண்டி இல்லாத மாதங்களையும் கண்டிருக்கிறோம். ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், உள்நாட்டில் மாருதி ஒரு கார்கூட விற்கவில்லை. 2021 செப்டம்பரில் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டினால் அதன் மொத்த விற்பனை 86,380ஆக வீழ்ந்தது. முந்தைய ஆண்டு அதே மாதம் 1,60,442. இதை மக்களின் வறுமைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

ஆனால் 2019இன் வீழ்ச்சி வேறு மாதிரியானது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் லாரிகள் ஏற்றக்கூடிய பாரத்தின் உச்சவரம்பு உயர்த்தப்பட்டது. இருக்கிற லாரியே கூடுதல் சரக்கு இழுக்கலாம் என்றான பின் புது லாரிக்கு அவசரம் குறைந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எப்.எஸ். நிறுவனம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் தள்ளாடவே, வண்டிக் கடன் தரும் பைனான்ஸ் கம்பெனிகளின் கையும் இறுகிற்று. அதே மாதம் முதல், சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி, புது ஸ்கூட்டருக்கு 5 ஆண்டும் காருக்கு 3 ஆண்டும் மூன்றாம் நபர் இன்ஷூரன்சை முன்கூட்டியே கட்ட வேண்டியதாயிற்று. இவையெல்லாம் சேர்ந்து, 2019 ஆகஸ்டில் நாட்டின் கார் விற்பனை முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 31 சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. அடுத்த மாதம் அசோக் லேலண்ட் கம்பெனி எண்ணூரில் 16 நாட்களையும் ஓசூரில் 5 நாட்களையும் வேலையில்லா நாட்களாக அறிவித்தது. பெரிய ஆலை ஓய்ந்தால் அதற்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறையும் ஓய்கிறது. முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர் காண்ட்ராக்ட் தொழிலாளி.

நம் பகுதியில் இன்னொன்றும் கண்கூடு. அதே 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்வரை விலை போயிற்று. முந்தைய ஆண்டுப் பெருவெள்ளமும் பின்னர் வந்த வறட்சியும் விளைச்சலைக் குலைத்ததே அந்த விலைக்குக் காரணம். காய் இல்லாத தோட்டத்தில் காய் பறிக்கக் கூலி ஏது? கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி வரும் பெண்களுக்கு ஏலக்காய் விலையைவிட வேலை நாட்களே முக்கியம். கொழிஞ்சாம்பாறை, சிற்றூர் பக்கத்து விவசாயிக்கோ, கொள்முதல் செய்த நெல்லுக்குப் பணம் கைக்கு வரும் நாளே முக்கியம். கூலி நாளும் நெல் பணமும் கூடினால்தான் ஷோரூம் வாசலில் செருப்புகள் கூடும்.

இத்தனை காரணங்களுக்கும் அப்பால், மாதக் கடைசி என்று ஒன்று இருக்கிறது. டீலருக்குக் கம்பெனி குறித்த இலக்கு. விற்பனைப் பையனுக்கு டீலர் குறித்த இலக்கு. "இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்தச் சலுகை" என்ற பேச்சு அப்போதுதான் கிளம்புகிறது. சலுகை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கடன் தாளில் இருப்பதைப் படித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். லட்ச ரூபாய்க்கு 10 சதவிகித வட்டி, 36 தவணை என்பார்கள். மூன்று ஆண்டு வட்டி 30,000ஐ அசலோடு கூட்டிப் பங்கிட்டால் தவணை 3,611 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் இது ஏறத்தாழ 18 சதவிகிதம்!

இந்த மறைப்பைத் தடுக்க ரிசர்வ் பாங்க் 2024 ஏப்ரலில் ஒரு நல்ல உத்தரவு பிறப்பித்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தனிநபருக்கு வழங்கும் புதிய கடன்களுக்கெல்லாம், உண்மையான ஆண்டு வட்டி விகிதத்தையும் கட்டணங்களையும் காட்டும் முக்கிய விவரத் தாளைப் பாங்குகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் கொடுத்தாக வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். ஏழு நாளும் அதற்கு மேலும் தவணையுள்ள கடனுக்கு, தாளைப் பெற்ற பின் யோசித்து முடிவு செய்யக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசம் உண்டு. அதாவது, "இன்றே கையெழுத்து" என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது.

புரியும் மொழி என்றால் மூணாற்றிலும் பீர்மேட்டிலும் வேலந்தாவளத்திலும் வாழும் தமிழனுக்கு அது தமிழ்தான். ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுப்பது உத்தரவின் நோக்கத்தையே அவமதிப்பதாகும். எல்லைப்புறக் கிளைகளில் தமிழ்த் தாள் தயாராக இருக்க பாங்குகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் ஆவன செய்ய வேண்டும். தொழிற்சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் இதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்வது நலம்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. அனுப்பிய வண்டி எத்தனை என்பதோடு, பதிவான வண்டி எத்தனை, டீலரிடம் தேங்கியது எத்தனை என்பதையும் அதே முதல் தேதியில் சொல்லட்டும். அந்தக் கணக்கு தெரிந்தால், நாளை ஷிப்டு குறையுமா என்பதைத் தொழிலாளி முன்கூட்டியே ஊகித்துக்கொள்வான். சலுகைக்காக இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாமா என்பதை வாங்குபவனும் தீர்மானித்துக்கொள்வான். கம்பெனியின் மாதக் கணக்கு முதல் தேதியோடு முடிந்துவிடுகிறது. தவணை கட்டுபவனின் கணக்கு முடிய 36 முதல் தேதிகள் ஆகின்றன.