வெளியே பார்த்தால் ஒரே எஞ்சின், உள்ளே வேற: ஹாட் ராடுக்குப் பழைய டிரக் எஞ்சின் வாங்குவதில் இத்தனை விஷயமா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் 2025 ஆகஸ்ட்டில் ஒரு மசோதா பெரிய சத்தமில்லாமல் முடங்கிப்போனது. 35 வருடத்தைத் தாண்டிய பழைய கார்களுக்குப் புகைப் பரிசோதனையில் இருந்து விலக்கு தரணும் என்பதுதான் அந்த எஸ்.பி. 712. டி.வி. பிரபலமும் கார் சேகரிப்பாளருமான ஜே லெனோ நேரில் வந்து ஆதரவு தெரிவித்ததால் 'லெனோ சட்டம்' என்றே பெயராகிவிட்டது. செனட்டில் தேறிய மசோதா, அசெம்பிளியின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவைத் தாண்டவில்லை.

பெரிய சேகரிப்பாளர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். உண்மையில் யோசனையில் விழுந்திருப்பது, வார இறுதியில் வீட்டு கராஜில் பழைய காரைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கும் சாதாரண ஆட்கள்தான். ஏன்னா, அவர்கள் ஸ்கிராப் யார்டில் இருந்து தூக்கி வரும் எஞ்சின் எது, எந்த வருடத்தது, எந்த வண்டியில் இருந்து கழற்றியது என்பதைப் பொறுத்துதான் அந்த கார் சட்டப்படி ரோட்டில் ஓடுமா, கராஜிலேயே நிற்குமா என்பது முடிவாகும்.

ஹாட் ராட்னா என்ன?

1930, 40களின் பழைய அமெரிக்க கார் பாடியை எடுத்து, தேவையில்லாததைக் கழற்றி எடையைக் குறைத்து, அதில் பெரிய எஞ்சினை ஏற்றினால் அதுதான் ஹாட் ராட். இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது 1932-ல் வந்த ஃபோர்டு. சாமானியர் வாங்கும் விலையில் 8 சிலிண்டர் வி8 எஞ்சின் முதல்முறையாகக் கிடைத்தது அப்போதுதான். அதன் சக்தி வெறும் 65 குதிரைத்திறன். இப்போது கேட்டால் சிரிப்பு வரும். 1955-ல் செவர்லே தன் 'ஸ்மால் பிளாக்' வி8-ஐக் கொண்டுவந்ததும் ஆட்டமே மாறியது. எடை குறைவு, பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும், விலையும் மலிவு. பல வருடங்களுக்கு ஹாட் ராட் என்றாலே அந்த எஞ்சின்தான் என்ற நிலை.

கார் எஞ்சினை விட்டுட்டு டிரக் எஞ்சின் எதுக்கு?

ஒரே காரணம், காசு. ஜெனரல் மோட்டார்ஸ் 1999 முதல் தன் பிக்-அப் டிரக்குகளில் 4.8, 5.3, 6.0 லிட்டர் என மூன்று அளவுகளில் வி8 எஞ்சின்களைப் போட்டது. கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் எல்எஸ் எஞ்சினும் இதுவும் ஒரே குடும்பம். கார்வெட் எஞ்சின் வாங்கப் பெரிய தொகை வேணும். ஆனா டிரக் எஞ்சின்கள் லட்சக்கணக்கில் தயாரானவை. வண்டி மோதி நொறுங்கினாலோ துருப்பிடித்தாலோ நேராக ஸ்கிராப் யார்டுக்குத்தான் வரும். நம்ம புதுப்பேட்டை மாதிரிதான், ஆனா ஒரு வித்தியாசம்: அங்கே பல யார்டுகளில் நாமே ஸ்பேனரோடு உள்ளே போய்க் கழற்றிக்கொள்ளலாம். எஞ்சினுக்கு ஒரே நிர்ணய விலை, பெரும்பாலும் சில நூறு டாலர்தான்.

எடை மட்டும்தான் குறை. டிரக் எஞ்சின்களில் பெரும்பாலானவை இரும்பு பிளாக். அதே அளவு அலுமினிய பிளாக்கைவிட ஏறக்குறைய 40 கிலோ கூடுதல்.

4.8-ஐ 5.3 என்று விற்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. 4.8, 5.3 இரண்டுக்கும் ஒரே பிளாக். சிலிண்டர் விட்டம் இரண்டிலும் 96 மில்லிமீட்டர். பிளாக்கின் மூலையில் '4.8/5.3' என்று இரண்டு அளவையும் சேர்த்தே வார்த்திருப்பார்கள். உள்ளே இருக்கும் கிராங்க்தான் வேற. 4.8-ல் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மி.மீ., 5.3-ல் 92 மி.மீ. வெளியில் இருந்து எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் இது தெரியாது. 6.0 மட்டும் பரவாயில்லை, அதன் பிளாக்கில் '6.0' என்று தனியாகவே இருக்கும்.

எஞ்சின் இன்னும் வண்டியிலேயே இருந்தால் வேலை சுலபம். கண்ணாடி ஓரத்தில் தெரியும் 17 இலக்க வின் நம்பரில் 8-வது எழுத்தைப் பாருங்க. 'டி' (டைகரில் வரும் டி) என்றால் 5.3 லிட்டர் எல்எம்7. 'வி' என்றால் 4.8. 'யு' என்றால் 6.0 லிட்டர் எல்கியூ4, 'என்' என்றால் அதையே கொஞ்சம் முறுக்கேற்றிய எல்கியூ9. இதெல்லாம் முதலில் போட்ட எஞ்சினைத்தான் சொல்லும், நடுவில் யாராவது மாற்றியிருந்தால் சொல்லாது. அதனால் பிளாக்கில் குத்தியிருக்கும் வின் நம்பரின் கடைசி இலக்கங்களை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. திருட்டு எஞ்சினா இல்லையா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கழற்றி ஓரமாக வைத்த எஞ்சின் என்றால்? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, செல்போனில் மாட்டும் சின்ன கேமரா ஒயரை உள்ளே விடணும். பிஸ்டன் தலை தட்டையாக இருந்தால் 4.8, நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தால் 5.3. அலுமினிய பிளாக்கோடு வந்த எல்33 என்ற அபூர்வ 5.3-லும் தட்டை பிஸ்டன் இருக்கும். அது கிடைத்தால் அதிர்ஷ்டம், யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

வருடமும் முக்கியம். 2007-ஐ ஒட்டி அடுத்த தலைமுறை வந்தபோது, பெட்ரோல் மிச்சம் பிடிக்க எட்டில் நாலு சிலிண்டரைத் தானாக நிறுத்தும் ஏஎஃப்எம் வசதியைப் பல எஞ்சின்களில் சேர்த்தார்கள். அந்த சிஸ்டத்தின் லிஃப்டர்கள் பழுதாகி கேம் ஷாஃப்டையும் சேர்த்துக் கெடுப்பது மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரிந்த கதை. தலைமுறையைக் கண்டுபிடிக்க, கேம் சென்சார் எங்கே இருக்குனு பார்த்தால் போதும். இன்டேக்குக்குப் பின்னால் மேலே இருந்தால் பழைய மூன்றாம் தலைமுறை. முன்பக்க டைமிங் கவரில் இருந்தால் நான்காம் தலைமுறை.

பழைய 427 என்று சொல்லி விற்பவர்கள்

இன்னும் பழைய எஞ்சின்களில் ஏமாறும் வாய்ப்பு அதிகம். '427' என்ற எண்ணைக் கேட்டாலே அமெரிக்க கார் பிரியர்களுக்குக் கண் விரியும். 1960களின் கார்வெட்டில் வந்த 7 லிட்டர் எஞ்சின் அது. ஆனா அதே 427 கன அங்குல அளவில், கனரக லாரிகளுக்காகவும் செவர்லே ஒரு எஞ்சின் தயாரித்தது. அதன் பிளாக் உயரம் 10.2 அங்குலம், காரில் வந்ததோ 9.8. வெறும் 0.4 அங்குல வித்தியாசம்தானேனு தோணும். ஆனா அந்தக் கொஞ்ச உயரத்தால் இரண்டு ஹெட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடி, கார் எஞ்சினுக்கான இன்டேக் மேனிஃபோல்டு அப்படியே உட்காராது. பிஸ்டனில் மூன்று ரிங்குக்குப் பதில் நாலு. லாரி நாள் முழுக்க மெதுவாக பாரம் இழுக்கச் செய்தது, வேகத்துக்கு அல்ல. அதே குடும்பத்தின் 366-ல் சிலிண்டர் விட்டமும் சின்னது என்பதால் பெரிய வால்வு போடக்கூட இடமில்லை. ஃபோர்டிலும் இதே கூத்து உண்டு. 330, 361, 391 அளவுகளில் வந்த எஃப்டி லாரி எஞ்சின்களைப் பார்த்தால் பிரபலமான 390 கார் எஞ்சின் மாதிரியே இருக்கும். கிராங்கின் முன்முனை தடிமன் என்பதால் கார் புல்லி ஏறாது.

சரி, வார்ப்பு எண்ணைப் பார்த்துத் தப்பிக்கலாமே? ஓரளவுக்குத்தான். ஸ்மால் பிளாக்கில் அடிக்கடி கண்ணில் படும் 3970010 என்ற எண் 302, 327, 350 மூன்றுக்குமே பயன்பட்டது. பக்கத்தில் இருக்கும் தேதிக் குறியில் மாதத்துக்கு ஒரு எழுத்து, வருடத்துக்குக் கடைசி ஒரு இலக்கம் மட்டும். '9' என்றால் 1969-ஆ, 1979-ஆ என்பதை வேறு அடையாளங்களை வைத்துத்தான் சொல்லணும். எஞ்சினின் முன்பக்கம் வலது ஓரத்தில் குத்தியிருக்கும் எழுத்துகள்தான் சரியாகச் சொல்லும். ஆனா பிளாக்கின் மேற்பரப்பை லேத்தில் சீவியிருந்தால் அதுவும் போயிருக்கும். 'டிரக் 350 என்றாலே நாலு போல்ட் மெயின், ரொம்ப ஸ்ட்ராங்' என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஆயில் சம்பைக் கழற்றினால்தான் அது இரண்டா நாலா என்பதே தெரியும்.

காசு கொடுக்கும் முன்

கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கணும். சுற்றவில்லை என்றால் அடுத்த எஞ்சினுக்குப் போயிடலாம். ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கு. 4.8, 5.3-ல் '706' என்று முடியும் ஹெட்டுகளில் காஸ்டெக் என்ற வார்ப்புக் குறி இருந்தால் விரிசல் விழுந்து கூலன்ட் கசிவது தெரிந்த பிரச்னை. கடைசி சைலன்சர் மேனிஃபோல்டு போல்ட் உடைந்திருப்பது ரொம்ப சாதாரணம், அதை வைத்து பேரம் பேசலாம், அவ்வளவுதான்.

பலர் மறப்பது, எஞ்சினோடு வரவேண்டிய மற்ற சாமான்கள். வயரிங் ஹார்னஸை வெட்டாமல் முழுசாக எடுக்கணும். கம்ப்யூட்டர் யூனிட்டையும், பின்னாடி வந்த மாடல்களில் எலக்ட்ரானிக் ஆக்ஸிலேட்டர் பெடலையும் சேர்த்தே வாங்கணும். கார்புரேட்டர் காலத்து பெட்ரோல் பம்ப் இதற்கு ஆகாது. இந்த எஞ்சினுக்கு 58 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெட்ரோல் வரணும். டிரக்கின் ஆழமான ஆயில் சம்ப் தாழ்வான காரில் தரையைத் தட்டும் என்பதால் அதையும் மாற்றணும். எஞ்சின் மலிவாகக் கிடைத்தாலும் கூடவே வரும் செலவு எஞ்சின் விலையைத் தாண்டிவிடும்.

மறுபடி கலிஃபோர்னியாவுக்கு

அங்கே 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. ஆக, ஒரிஜினல் 1932 ஃபோர்டில் எந்த டிரக் எஞ்சினையும் போடலாம். 1976-ல் இருந்துதான் பிடி இறுகுது. எஞ்சின், காரின் வருடத்துக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்கணும். அந்த எஞ்சினின் எல்லா புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களும் இருக்கணும். கனரகப் பிரிவில் சான்று பெற்ற எஞ்சினை, அளவு ஒன்றாகவே இருந்தாலும், இலகு ரக வண்டியில் போடக்கூடாது. பெரிய டிரக்கில் இருந்து ஆசைப்பட்டு 6.0-ஐக் கழற்றி 1980 மாடல் காரில் போட்டவர் மாட்டுவது இந்த விதியில்தான். லெனோ மசோதா தேறியிருந்தால், விண்டேஜ் இன்சூரன்ஸ் எடுத்த 80களின் கார்கள் சிலவற்றுக்கு இந்தத் தலைவலி குறைந்திருக்கும். நகரங்களின் காற்று மாசைப் பார்த்தால், முடக்கியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு.

1932 மாதிரியே புதுசாக ஃபைபர் கிளாஸில் செய்த பாடி என்றால் கதையே வேற. அது 'தனியாகக் கட்டிய வண்டி' கணக்கில் வரும். பாடியின் வருடத்தையோ எஞ்சினின் வருடத்தையோ வைத்துப் பரிசோதனை செய்யும் சலுகை வருடத்துக்கு முதல் 500 வண்டிகளுக்கு மட்டும்தான். ஃப்ளோரிடா மாதிரி புகைப் பரிசோதனையே இல்லாத மாகாணங்களில் இந்த ஓட்டமெல்லாம் கிடையாது.

நம்ம ஊரில் முடியுமா?

அம்பாசடரில் வி8 போடும் ஆசை இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் படிச்சுடுங்க. ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற அது தடை போடுது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கெட்டுப்போன எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சினை மாற்றுவதற்கே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றணும்.