கச்சானும் ட்ரோனும்



யுத்தத்தில் கணவரை இழந்த ஒரு ராத்தா சென்ற கிழமை அழுதபடி என்னிடம் வந்தார். மகன் கல்யாண வீடுகளில் படமெடுக்கக் கடனுக்கு வாங்கிய ட்ரோன், கல்முனையில் காற்றோடு கடல் பக்கம் போய்விட்டதாம்.

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும். உயரப் போகப்போக வேகமும் கூடும். எதிர்த்துத் திரும்பப் பற்றரி போதாது. எனவே முதலில் காற்றுக்கு எதிராக, மேற்கே அனுப்ப வேண்டும். திரும்பும்போது காற்றே துணை செய்யும். இழுபட்டால் உடனே தாழ இறக்க வேண்டும்.

தொலைந்தால் பதறக்கூடாது. கைத்தொலைபேசியில் கடைசியாகப் பதிவான இடத்திலிருந்து காற்று வீசிய திசையில் தேட வேண்டும். அடுத்தவர் வளவுக்குள் கேட்டுத்தான் நுழைய வேண்டும்.

நாங்களும் அப்படியே தேடினோம். கரையோரத் தாழம்புதரில் கிடைத்தது. “இனிக் கடனைக் கட்டிடலாம்” என்றார் ராத்தா.

பிள்ளைகளின் தொழில் நுட்பத்தை நாமும் கேட்டறிவோம்.