சபை நாட்டிய ஊரின் பேச்சு

இந்திய மொழியியல் கருத்தரங்குகளில் மிஷனரிகளின் மொழிப்பணிக்கு ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதப்படுகிறது: அது மதமாற்றத்துக்கான காலனியக் கருவி. தீர்ப்பை வாசித்த அதே ஆய்வாளர், கட்டுரையின் இறுதியில் போடிங்கின் சந்தாலி அகராதியையும் லொரைனின் லுஷாய் அகராதியையும் துணைநூற்பட்டியலில் சேர்க்கிறார். ஆய்வேட்டில் மொழிப்பெயரின் அருகே அவர் இடும் மூன்றெழுத்துக் குறியீடு ஐ.எஸ்.ஓ. 639-3 தரநிலையைச் சேர்ந்தது. அதன் பதிவு அமைப்பாக இருப்பது, விவிலிய மொழிபெயர்ப்பை நோக்கமாகக் கொண்டு வளர்ந்த எஸ்.ஐ.எல். என்னும் கிறித்தவ நிறுவனம். உலக மொழிகளைப் பட்டியலிடும் எத்னலாக் 1951இல் தொடங்கியதே, விவிலியம் இன்னும் எந்தெந்த மொழிகளைச் சென்றடையவில்லை என்று கணக்கெடுக்கத்தான். கொல்லனை ஏசிவிட்டு அவன் அடித்த அரிவாளால் அறுவடை செய்யும் இந்தப் பழக்கத்துக்குக் கோட்பாட்டுப் பெயர் சூட்டினால் அது விமர்சனம் ஆகிவிடாது.

மிஷனரிப் பணியை எதிர்க்க வலுவான காரணம் உண்டு. அதை மொழிக்குள்தான் தேட வேண்டும். சபை நாட்டப் போகிறவருக்குத் தேவைப்படுவது ஒரு புத்தகம், ஒரு பாட்டுத் தொகுப்பு, ஒரு எழுத்துக்கூட்டு. பத்து ஊர்களில் பத்து விதமாகப் பேசும் மக்களுக்குப் பத்து வேதாகமங்களை அச்சிட எந்தச் சங்கத்திடமும் பணமோ ஆளோ இருந்ததில்லை. ஆகவே முதல் சபை எந்த ஊரில் வேர்பிடித்ததோ அந்த ஊரின் பேச்சே 'மொழி' ஆகிறது. அடுத்த பள்ளத்தாக்கின் பேச்சு அன்றிலிருந்து 'கிளைமொழி'.

நாகாலாந்தின் ஆவோ மக்களிடையே நடந்தது இதுவே. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஈ. டபிள்யூ. கிளார்க் சிப்சாகரில் அச்சகப் பணியில் இருந்தபோது, 1871இல் மலையேறிப் போனவர் அஸ்ஸாமிய ஊழியர் கோதுலா. ஐயத்தோடு பார்த்த ஊராரிடையே தங்கி, பாடி, பேசி, நம்பிக்கையைப் பெற்றவர் அவரே. 1872இல் முதல் திருமுழுக்குகள் நடந்தன. 1876இல் கிளார்க் மொலுங்கிமோங் ஊருக்கே குடியேறினார். அவ்வூரார் பேசியது சுங்லி. பாடப்புத்தகம், பாட்டு, வேதப்பகுதிகள், 1911இல் வெளிவந்த அகராதி எல்லாம் சுங்லியை அடிப்படையாகக் கொண்டு எழுந்தன. ஆவோ மக்களில் மற்றொரு பெரும் பிரிவினரின் பேச்சான மோங்சென் வீட்டோடும் வயலோடும் நின்றது. ஞாயிறுதோறும் தேவாலயத்திலும் பிறகு பள்ளியிலும் சுங்லியைக் கேட்டு வளர்ந்த மோங்சென்காரருக்குச் சுங்லி புரிகிறது. சுங்லிக்காரருக்கு மோங்சென் பெரும்பாலும் புரிவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்கு இலக்கணக் காரணம் எதுவுமில்லை. கோதுலாவின் முதல் நட்பு ஒரு மோங்சென் ஊரில் அமைந்திருந்தால் நிலை தலைகீழாகியிருக்கும். மோங்சென்னுக்கு அலெக்சாண்டர் கூப் எழுதிய விரிவான இலக்கணம் 2007இல் வந்தது. முதல் திருமுழுக்குகளுக்கு 135 ஆண்டுகள் கழித்து.

காசி மொழியின் கதையும் வேறல்ல. 1841இல் வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சியில் தங்கியதால் சோஹ்ராப் பேச்சு ஏடேறியது. பினாரும் வாரும் வெளியே நின்றன.

'எழுத்தில்லாதவர்களுக்கு எழுத்தளித்தோம்' என்று சபை வரலாறுகள் பெருமை கொள்வது அரை உண்மை. ஒலியை எழுத்தாக்கக் காது வேண்டும். அந்தக் காதுக்குச் சொல்லிக்கொடுக்க வாய் வேண்டும். போடிங்குக்காகச் சந்தாலிக் கதைகளைத் திரட்டிய சாக்ராம் முர்முவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அளிக்கப்பட்ட எழுத்தை எல்லாரும் கைகூப்பி ஏற்றுக்கொண்டதும் இல்லை. உரோம எழுத்தில் சந்தாலி அச்சேறிப் பல பத்தாண்டுகள் கழிந்தபின், 1925இல் ரகுநாத் முர்மு ஒல் சிக்கியை உருவாக்கினார். (கால்டுவெல்லுக்கு மாலை சூட்டும் தமிழறிஞர்களும் இங்கே சற்று நிற்கலாம். ஒப்பிலக்கணம் தந்த அதே கையே 1849இல் திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூலை எழுதி அச்சமூகத்தின் நெடுங்காலச் சினத்துக்கு ஆளானது.)

இவ்வளவையும் சொன்ன பிறகும், துறையினர் தம் நாற்காலியில் சாய்ந்துகொள்ள இடமில்லை. போடிங் 1890இல் சந்தால் பகுதிக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அகராதியின் ஐந்து தொகுதிகளும் 1929 முதல் 1936 வரை வெளிவந்தன. லொரைனும் சாவிட்ஜும் 1894 ஜனவரியில் ஐஸ்வால் சேர்ந்தனர். 1898இல் இலக்கணமும் சொற்பட்டியலும் அச்சாயின. லொரைனின் பேரகராதி 1940இல்தான் வந்தது. இன்றைய கள ஆய்வோ விடுதியில் அறை எடுத்துச் சில வாரங்கள், சொற்பட்டியல் கேட்டு ஒலிப்பதிவு, பிறகு தில்லிக்கோ ஐதராபாத்துக்கோ இரயில். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வேடு இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடுகிறது. சொல் கொடுத்த ஊருக்கு ஒரு பக்கம்கூடத் திரும்புவதில்லை. ஊழிய அழைப்பு பெற்றதாக நம்பியவர் தம் நம்பிக்கைக்காகத் தங்கினார். அந்த நம்பிக்கை தவறென்றே வைத்துக்கொண்டாலும், அவர் தொகுத்தது அம்மக்கள் கையில் பாட்டுப் புத்தகமாக, பள்ளிப் பாடமாகச் சேர்ந்தது. நம்பிக்கையற்ற ஆய்வாளரைத் தங்கவைக்கும் விசை எது என்ற கேள்வியைத் துறைகள் கேட்பதே இல்லை. உதவித்தொகைக்கு முடிவுத் தேதி இருக்கிறது என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடுகிறது.

மதம் மாறிய மக்கள் ஏமாந்தவர்கள் என்ற தொனிதான் இவ்விமர்சனங்களில் மிக மோசமானது. மிசோரம் 2011 கணக்கெடுப்பில் 91 விழுக்காட்டுக்கு மேல் எழுத்தறிவு கண்ட மாநிலம். அங்குள்ள சபைகளே இன்று பிற மாநிலங்களுக்கு மிஷனரிகளை அனுப்புகின்றன. அவர்களைக் காலனியத்தின் பலிகள் என்று மட்டும் எழுதுகிறவர், அவர்கள் நான்கு தலைமுறையாக எடுத்த முடிவுகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சொல்லப்போனால் மிசோ சபைகளிடம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: அவர்கள் போகும் இடங்களில் எந்த ஊரின் பேச்சில் வேதம் வாசிக்கிறார்கள், அடுத்த பள்ளத்தாக்கு என்ன ஆகிறது?

ஆவோ என்ற ஒரே பெயரின் கீழ், என்.ஜே.ஓ. என்ற ஒரே குறியீட்டில், சுங்லியும் மோங்சென்னும் சேர்ந்தே கிடக்கின்றன. குறியீட்டைப் பிரிக்கக் கோரி எவரும் விண்ணப்பிக்கலாம். பதிவு அமைப்பு ஆண்டுதோறும் இத்தகைய கோரிக்கைகளைப் பரிசீலிக்கிறது. படிவம் சில பக்கங்கள்தான். அதைச் சான்றுகளோடு நிரப்ப, யாராவது ஒருவர் அந்த ஊர்களில் சில வாரங்களுக்கு மேல் தங்க வேண்டியிருக்கும்.